இழுக்குமா என்று கேட்கிறோம், நிற்குமா என்று கேட்கிறோமா?

கண்டிப் பக்கத்துச் சந்தைகளுக்குத் துணிமணியும் பாத்திரமும் கொண்டு செல்லும் எமதூர் வியாபாரிகள் சிலரிடம் ஒரு யோசனை உலவுகிறது. கையிலுள்ள கெப் வண்டியின் பின்னால் மூடிய ட்ரெயிலர் ஒன்றைக் கொழுவினால், லொறி வாங்காமலே கூடுதல் சரக்கு கொண்டு போகலாம் என்பதே அது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் தொடங்கிய போதிலும், வரிகளோடு சேர்ந்த விலை சிறு வியாபாரிக்கு எட்டுவதாயில்லை. மூடிய பெட்டி என்றால் மழைக்கும் களவுக்கும் அவ்வளவு பயமில்லை. ஆகவே யோசனையில் நியாயம் இருக்கிறது. என் மருமகனும் இதற்குப் பங்கு முதல் கேட்டு வந்தார்.

"வண்டி இழுக்கும் மாமா, எஞ்சின் நல்ல பலம்" என்றார். "கடுகண்ணாவை இறக்கத்தில் நிற்குமா?" என்று நான் கேட்டேன். அவரிடம் பதில் இருக்கவில்லை.

மாவனல்லையிலிருந்து கண்டிக்குப் போகையில் ஏற்றம். வீடு திரும்புகையில் இறக்கம். திரும்புவது பெரும்பாலும் இரவில். சாரதி களைத்திருப்பார். விற்காத சரக்கு பெட்டியில் கிடக்கும். வளைவில் பஸ் ஒன்று நின்றால், பிரேக் இல்லாத ட்ரெயிலரின் முழுப் பாரமும் கெப்பைப் பின்னாலிருந்து தள்ளும். தொடர்ந்து மிதிக்கும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஐரோப்பிய நாடுகளில் மொத்த எடை 750 கிலோவைத் தாண்டும் ட்ரெயிலருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். எமது மலைப்பாதைக்கு அது இன்னும் அவசியம் என்பது என் கருத்து.

தெரிவு செய்யும்போது அடிக்கணக்கை விட எடைக்கணக்கே முக்கியம். கெப்பின் கைநூலில் இழுவை எல்லை இருக்கும். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு அது மிகக் குறைவு. உதாரணமாக எல்லை 1500 கிலோ, வெறும் பெட்டி 600 கிலோ என்றால், ஏற்றக்கூடியது 900 கிலோ மாத்திரமே. பெட்டியில் இடம் மிச்சமிருக்கிறது என்பதற்காக மேலும் அடுக்கக் கூடாது. ட்ரெயிலரின் அச்சுக்கும் டயருக்கும் உரிய எல்லைகளையும் பார்க்க வேண்டும்.

ஏற்றும் முறையிலும் கவனம் தேவை. பாரமானவை அடியில் இருக்க வேண்டும்; சரக்கில் சுமார் 60 வீதம் அச்சுக்கு முன்பாக இருக்க வேண்டும். கொழுவியின் மீது மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் அழுந்துவது பொதுவான கணக்கு. 1500 கிலோவுக்கு அது 150 முதல் 225 கிலோ. கொழுவி அதைத் தாங்குமா என்பதையும் கைநூலில் பார்க்க வேண்டும். கெப் சுமக்கும் பாரத்திலும் அது சேரும். கடையில் மூடை நிறுக்கும் தட்டுத் தராசின் மேல் ட்ரெயிலரின் மூக்கை வைத்தால் இது தெரிந்துவிடும். பின்பாரம் கூடினால் பெட்டி வாலாட்டத் தொடங்கும். உயர்ந்த சுவரில் படும் காற்று அதை இன்னும் மோசமாக்கும். அப்போது எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும். சடுதியாக பிரேக் அடிப்பதோ ஸ்டியரிங்கை வெட்டுவதோ ஆபத்து.

புறப்படுமுன் கொழுவியின் குண்டும் கிண்ணமும் ஒரே அளவா, இரு சங்கிலிகளும் குறுக்காக மாட்டப்பட்டுள்ளனவா, பின்விளக்குகள் எரிகின்றனவா, டயரில் காற்றுச் சரியா என்று பார்க்க வேண்டும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைக்க வேண்டும். பதிவு பற்றி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், இழுவைக்குப் பாதுகாப்பு உண்டா என்று காப்புறுதி நிறுவனத்திலும் எழுத்தில் கேட்பது நல்லது.

மருமகனுக்கு நான் சொன்ன முடிவு இதுதான்: தனிப் பிரேக் உள்ள பெட்டி, பதிவு, காப்புறுதி மூன்றும் இருந்தால் பங்கு தருகிறேன்; இல்லையேல் சந்தை நாட்களுக்கு லொறியை வாடகைக்கு எடுங்கள், இலாபம் குறைந்தாலும் பரவாயில்லை. அவர் முகம் சுருங்கியது. ஆனால் அந்த இறக்கத்தில் எமக்கு முன்னால் போவது யாருடைய பிள்ளைகளோ. அவர்களது உயிரும் எம்மிடமுள்ள அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல் என்று எமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. ட்ரெயிலருக்கு அந்தக் கயிறு பிரேக்தான்.