கேளாச் செவியும் கழியும் காலமும்

தம் குழந்தைக்குக் காது கேட்கவில்லை என்று வைத்தியர் சொல்லக் கேட்கும் பெற்றோரின் கலக்கத்தை நாம் அறிவோம். ஆயினும், அதற்கு முன் வீணே கழிந்த மாதங்கள்தாம் பெருந் தீங்கு. "இவன் மாமனும் நாலு வயதில்தான் பேசினான்" என்று வீட்டார் கூறுவது ஆறுதலன்று. மொழியைப் பற்றிக்கொள்ளும் மூளையின் சக்தி முதற்சில ஆண்டுகளிலேயே மிகுந்திருக்கிறது. ஆதலின், 1 மாதத்துக்குள் சோதனை, 3 மாதத்துக்குள் நோய் நிர்ணயம், 6 மாதத்துக்குள் சிகிச்சை என நிபுணர் வரையறுத்துள்ளனர். சோதனையோ, உறங்கும் சிசுவுக்கு நோவின்றிச் சில நிமிஷங்களில் முடிவது.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்குட்பட்ட ஏழைக் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு சர்க்கார் காக்ளியர் கருவியை இலவசமாகப் பொருத்துவதை மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் கருவி ஒலியைத் தருமேயன்றி மொழியைத் தராது. அதற்கு நெடுநாள் பேச்சுப் பயிற்சி வேண்டும். கிராமத்துத் தாய் அன்றாடக் கூலியை இழந்து, பிள்ளையை இடுப்பில் சுமந்து, நகரத்துக்குப் பஸ் ஏறவேண்டும். எத்தனை மாதம் அவளால் இயலும்? கருவி பயன்படாத குழந்தைக்குச் சைகை மொழியையேனும் காலத்தில் கற்பிக்க வேண்டாமா? அதுவும் மொழியே.

பிரசவம் நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் இச்சோதனையைக் கட்டாயமாக்கி, தாலுகாதோறும் பயிற்சியாளரை நியமிக்கவேண்டும். அதற்கு வரும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்கப்படுமா என்று சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரைக் கேட்பார்களாக.