முள் நகர்ந்ததாக எழுதிக்கொள்ளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகிக்காக ஸ்ரீரங்கம் வீட்டுப் பரணை ஒழித்தோம். மகன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் கிடந்தது. அது உயிரை விட்டுப் பல வருஷமாகிறது. "காயலான் கடையில போட்டுடுங்க" என்றாள் என் மனைவி. ஏழாவது படிக்கும் பேரன் மட்டும், "உள்ள என்ன இருக்குன்னு பாக்கலாமா தாத்தா?" என்று கேட்டான்.

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவரை அழைத்தேன். ஹார்டு டிஸ்க்கில் இருந்த கல்யாண போட்டோக்களை முதலில் எடுத்துக் கொடுத்தார். "இனி இது தேறாது சார்" என்று சொல்லிவிட்டு, டிஸ்க்கைத் திறந்தார். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒரு வட்டத் தட்டு, மூலையில் வளைந்த வடிவில் இரண்டு நியோடிமியம் காந்தங்கள்.

பூஜைக்கு வைத்திருக்கும் செம்புத் தாம்பாளத்தைச் சாய்த்து, காந்தத்தை அதன் மேல் விடச் சொன்னேன். செம்பில் காந்தம் ஒட்டாது. ஆனாலும் அது சட்டென்று வழுக்கி விழவில்லை, வெல்லப்பாகில் இறங்குவது போல மெதுவாக இறங்கியது. காந்தம் நகரும்போது செம்புக்குள் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம், தன்னைப் பிறப்பித்த நகர்வையே தடுக்கிறது. 1831-ல் ஃபாரடே கண்டதும், 1834-ல் லென்ஸ் விதியாகச் சொன்னதும் இதுதான். பேரன் இருபது தடவை செய்து பார்த்தான்.

எனக்குத்தான் மனசு கனத்தது. இதே பாடத்தை எத்தனை வருஷம் உங்களுக்கு நடத்தினேன்! ஆய்வகத்துக் காந்தம் வலுவிழந்து போயிருந்தது. கம்பிச்சுருளுக்குள் விட்டால் கால்வனாமீட்டர் முள் அசையாது. "நகர்ந்ததாக எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொன்ன வாத்தியார் நான். நீங்களும் எழுதினீர்கள், மார்க்கும் வாங்கினீர்கள். அதற்காக இன்று வருத்தப்படுகிறேன்.

அதனால் என் கருத்து இது. பழைய கம்ப்யூட்டர் பாகங்களில் சாவிக்கொத்து, கடிகாரம், அலங்காரப் பொருள் என்று செய்கிறார்கள். அழகுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றின் முதல் உபயோகம் ஒரு பிள்ளையின் கையில் பாடமாவதாக இருக்கட்டும்.

கெட்டுப்போன சிடி டிரைவில் தட்டை வெளியே தள்ளும் குட்டி மோட்டார் இருக்கும். அதன் இரு முனைகளில் ஒரு சிறு எல்இடியை இணைத்து, பல்சக்கரத்தை விரலால் வேகமாகச் சுற்றுங்கள், மினுக்கும். எரியாவிட்டால் எல்இடியைத் திருப்பி இணையுங்கள். நம் ஊருக்கு வரும் முன் காவிரி மேட்டூரில் சுற்றிவிட்டு வருவதும் இதே தத்துவத்தைத்தான்.

சிடியை வீசாதீர்கள். அதன் தடங்களுக்கு இடையே 1.6 மைக்ரான் தூரம்தான், ஒரு மில்லிமீட்டரில் 600-க்கும் மேல். செருப்பு அட்டைப்பெட்டியில் மெல்லிய கீறல் போட்டு, உள்ளே சிடியைச் சாய்த்து வைத்தால் நிறமாலை தெரியும். பழைய டியூப்லைட்டைப் பார்த்தால் தனித்தனிக் கோடுகள், எல்இடி பல்பைப் பார்த்தால் தொடர்ச்சியான பட்டை. சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது. நமக்குப் பக்கத்தில் திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சர் சி.வி. ராமன், 1928-ல் கல்கத்தாவில் தம் கண்டுபிடிப்பின்போது கையாண்டவற்றில் கையடக்கமான ஒரு நிறமாலைமானியும் உண்டு.

எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். லேப்டாப் பேட்டரியைத் தொடாதீர்கள். உப்பியிருந்தால் குத்தவே கூடாது, தீப்பிடிக்கும். பவர் சப்ளை பெட்டியையும் பழைய பெருத்த மானிட்டரையும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தேங்கியிருக்கும். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, வளைத்தால் சிதறும். பேஸ்மேக்கர் வைத்திருக்கும் பெரியவர்கள் காந்தத்தின் கிட்டே போக வேண்டாம். போகித் தீயில் வயரையும் போர்டையும் போடவே போடாதீர்கள், அந்தப் புகை விஷம். மீதியை மின்கழிவு சேகரிப்பவர்களிடம் மட்டும் கொடுங்கள்.

2011-லிருந்து தமிழக அரசு மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. உங்களில் பலர் வாங்கினீர்கள். அதில் பல இன்று பரணில்தான் இருக்கும். ஓடினால் ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கொடுங்கள். ஓடாவிட்டால், வருகிற பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று, விஷயம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பேட்டரியைக் கழற்றிவிட்டு, தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துத் திறந்து காட்டுங்கள். ஆசிரியராக இருக்கும் என் மாணவர்கள் வகுப்பிலேயே செய்யலாம்.

உங்கள் பிள்ளைகளாவது முள் நகர்வதைக் கண்ணால் பார்த்துவிட்டு எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் சார்