முதலில் கூடை, பிறகு குளிரறை

மாரஸ்ஸனையிலிருந்தும் ஹங்குராங்கெத்தவிலிருந்தும் கண்டிக்கு வரும் மரக்கறி லொறியின் அடிச்சாக்கை அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு இந்தத் தலையங்கம் புதிதாக எதையும் சொல்லாது. மேற்சாக்குகளின் பாரத்தில் தக்காளி கூழாகியிருக்கும். போஞ்சி புழுங்கி வதங்கியிருக்கும். இலங்கையில் அறுவடையாகும் மரக்கறி, பழங்களில் 30 முதல் 40 சதவீதம் சாப்பிடுகிறவரின் கைக்கு வந்து சேருவதில்லை என்பது விவசாயத் துறையினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு.

இதற்கு மருந்தாக எப்போதும் முன்வைக்கப்படுவது குளிரறை. தம்புள்ளையில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 5,000 மெற்றிக் தொன் களஞ்சியம் 2025 ஏப்ரலில் திறந்துவைக்கப்பட்டது. நல்லது. ஆனால் நசுங்கி வந்த தக்காளியை எந்தக் குளிரறையும் மீட்டுத் தராது. பறித்த பிறகும் காய் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் 10 பாகை ஏறினால் அந்தச் சுவாசம் இரண்டு, மூன்று மடங்காகும். காயம்பட்டால் இன்னும் கூடும்; எதிலீன் வாயு கசிந்து பக்கத்திலிருப்பதையும் பழுக்கவைக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே குளிர் ஒத்துவருவதுமில்லை. கரட்டும் லீக்ஸும் 0 பாகையை ஒட்டிய குளிரில் வாரக்கணக்கில் இருக்கும். வாழைப்பழமோ 13 பாகைக்குக் கீழே கறுக்கும். கண்டியைச் சுற்றிய வீட்டுத்தோட்டங்களில் வளர்த்து விற்கும் அந்தூரியமும் அப்படித்தான். அதற்கு வேண்டியது வெயில் ஏறுமுன் வெட்டுவதும் தண்டை உடனே சுத்தமான தண்ணீரில் நிறுத்துவதும். தண்ணீர் அழுக்கானால் பக்டீரியா தண்டின் குழாய்களை அடைத்துவிடும். வாளி நிறையத் தண்ணீர் இருந்தும் பூ வாடும்.

இதெல்லாம் தெரியாத ஊரல்ல இது. பேராதனையில் விவசாயத் திணைக்களமும் பல்கலைக்கழக விவசாய பீடமும் இருக்கின்றன. மகாவலிக்கு அக்கரையில், கன்னொறுவையில், தோட்டப்பயிர்களுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கிருந்து கண்டிச் சந்தைக்குச் சில கிலோமீற்றர்தான். அங்குள்ள அறிவு சந்தைக்கு வராமலிருப்பதற்குக் காரணம், செலவு யாருடையது என்பது இன்னும் தீர்க்கப்படாததே.

2011 இறுதியில் மரக்கறி, பழங்களை பிளாஸ்டிக் கூடையில்தான் ஏற்ற வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தியபோது தம்புள்ளையில் எதிர்ப்பு வெடித்தது. அரசு விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளுவது தவறு. சாக்கில் ஏற்றும் அளவைக் கூடையில் அதே லொறி ஏற்றாது. வெறுங்கூடை திரும்பிவரும் கூலியை யார் கொடுப்பது? கூடை வாங்கிய விவசாயிக்கு விலை கூடிற்றா? அதுவுமில்லை, சாக்கில் வந்தாலும் கூடையில் வந்தாலும் ‘கழிவு’ என்று சில கிலோவை வெட்டும் வழக்கம் சந்தைகளில் இருக்கும்வரை, பத்திரமாகக் கொண்டுவருபவனுக்கு இலாபமே இல்லை.

ஆகவே சட்டத்தையும் தண்டப்பணத்தையும் மறுபடி தூக்கிக்கொண்டு வர வேண்டாம். கூடைகள் பொதுச் சொத்தாக இருக்கட்டும். மத்திய மாகாண நிர்வாகமும் கண்டி மாநகர சபையும் அவற்றை வாங்கி, சோடாப் போத்தலைப் போல முற்பணத்துக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கலாம். வெறுமையானால் ஒன்றுக்குள் ஒன்று செருகும் வகைக் கூடையானால் திரும்பும் லொறியில் இடம் பிடிக்காது. கூடையில் வந்த பொருளுக்குக் கழிவு வெட்டக்கூடாது என்பது சந்தையின் நிபந்தனையாக வேண்டும். இந்த ஒன்று இல்லாமல் மற்றவை நிற்கா. சரக்கை இறக்குமிடத்துக்கு ஒரு கூரையும் தேவை. கீரையையும் கோவாவையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். தக்காளி, போஞ்சி, கறிமிளகாய் ஆகிய மூன்றையும் வைத்து மாரஸ்ஸன–கண்டிப் பாதையில் தொடங்கினால் போதும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். சந்தையில் அழுகியதை அள்ளிக் கொஹாகொட குப்பைமேட்டுக்கு ஏற்றுவதற்கும் மாநகர சபையின் பணம்தான் போகிறது. வரும் வரவுசெலவுத் திட்டத்தில் அதில் ஒரு பங்கைக் கூடைக்கு ஒதுக்கட்டும்.