கருவுற்றாள் இல்லத்திற் புகை

புகைத்தல் ஆடவர்தம் சொந்தக் காரியம் என்பது நம்மிற் பலர் கொண்ட எண்ணம். "என் காசு, என் உடம்பு; பிறர்க்கென்ன?" என்று வினவுவாரும் உளர். கருவுற்ற பெண்ணொருத்தி வாழும் இல்லத்தில் அவ்வினா நில்லாது என்பதே யாம் ஈண்டுக் கூற விழைவது.

நோயை எதிர்க்கும் ஆற்றல் நம் உடலில் இயல்பாகவே அமைந்துளது. மூச்சுக்குழாயின் உட்புறத்தே நுண்ணிய மயிரிழைகள் இடையறாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் வெளியே தள்ளுகின்றன. அவற்றிற்குத் தப்பி நுரையீரலை அடையும் கிருமிகளைத் தற்காப்பு அணுக்கள் விழுங்கிவிடுகின்றன. புகையிலைப் புகையோ அம்மயிரிழைகளைச் செயலறச் செய்யும்; அவ்வணுக்களின் தொழிலையும் குலைக்கும். கருவுற்ற காலத்திலோ, தந்தையின் கூறும் கலந்த சிசுவை அயற்பொருளென்று தாக்காதபடி, தாயின் தற்காப்பு ஆற்றல் தன்னை மாற்றி அமைத்துக்கொள்கின்றது. அக்காலத்தில் இன்புளுவென்சா போன்ற காய்ச்சல்கள் அவளைக் கடுமையாகத் தாக்குதல் உண்டு. புகையும் உடன் சேருமாயின் அவள் படும் இடர் இருமடங்காம் அன்றோ?

சிசுவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. தாயின் இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்கள் நஞ்சின் வழியே சென்று, குழந்தை பிறந்தபின் சில திங்கள்வரை அதற்குக் காவலாய் நிற்கின்றன. தாய் தரும் இச்சீதனத்திற் பெரும்பகுதி கடைசி மூன்று மாதங்களிலேயே சேர்கின்றது. புகைக்கும் தாயர்க்குக் குறைமாதப் பேறு மிகுதி என்பதை 1957-ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாவில் ஸிம்ப்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார். குறைமாதத்திற் பிறக்கும் மகவு, சீதனம் நிறையுமுன்னரே வெறுங்கையுடன் உலகிற்கு வந்துவிடுகின்றது. மேலும், புகைத்த தாயரின் குழந்தைகளது கொப்பூழ்க்கொடி இரத்தத்தை ஆராய்ந்தோர், கிருமிகளைக் கண்டு எழவேண்டிய எதிர்ப்புத் தளர்ந்திருக்கக் கண்டனர். இத்தகைய குழந்தைகட்கு மார்ச்சளி, காதுநோய், ஆஸ்துமா முதலியன மிகுதியாய் வருகின்றன.

"நம் நாட்டுப் பெண்டிர் புகைப்பதில்லையே" எனலாம். 2016–17இல் எடுத்த கணக்கின்படி இந்தியப் பெண்டிருள் நூற்றுவரில் இருவரே புகைப்போர். ஆயின், வயது வந்தோருள் நூற்றுக்கு 38 பேருக்கு மேல் தம் இல்லத்திலேயே பிறர்விடும் புகையைச் சுவாசிக்கின்றனர் என்பதும் அக்கணக்கே கூறும் செய்தி. பிறர்விடும் புகையில் நஞ்சின் அளவு குறைவு. ஆனால் நஞ்சு அதுவே. புகைக்கும் பெண்ணைப் பழித்துரைப்பதாலும் பயனில்லை. எந்த மாதத்தில் விட்டாலும் நன்மையே என்று கூறி அவளுக்குத் துணை நிற்றலே தக்கது.

பிறர் புகை நீங்கின் விளையும் நலத்திற்கு ஸ்காட்லாந்து சான்று. ஆங்குப் பொதுவிடங்களிற் புகைத்தல் 2006 மார்ச்சில் தடுக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஆஸ்துமாவால் மருத்துவமனை சேர்ந்த சிறாரின் தொகை ஆண்டுதோறும் நூற்றுக்கு 5 வீதம் ஏறிவந்தது. பின்னர் 18 வீதம் இறங்கலாயிற்று. குறைமாதப் பேறும் குறைந்தது. நம் நாட்டிலும் 2003இல் சட்டம் இயற்றப்பெற்று, 2008 அக்டோபர் 2 முதல் பொதுவிடத் தடை விரிவாக்கப்பட்டது. எனினும் சட்டம் வீட்டு வாயிலோடு நின்றுவிடுகின்றது. உள்ளே செல்லவேண்டுவது ஆடவரின் மனச்சான்றே. சன்னலைத் திறந்து வைத்தலும், அடுத்த அறைக்குச் சென்று புகைத்தலும் போதிய காவல் ஆகா.

மாணவ நண்பர்காள்! இப்பழக்கம் பெரும்பாலார்க்கு இளமையிலேயே, தோழரின் தூண்டுதலால், விளையாட்டாய்த் தொடங்குகின்றது. விடுவதினும் தொடாதிருத்தல் எளிது. இன்று நீவிர் மறுக்கும் முதற் சிகரெட்டு, நாளை நும் இல்லத்திற் பிறக்கவிருக்கும் மகவிற்கு அது காணுமுன்னரே நீவிர் செய்யும் காவலாகும். தந்தையின் கடமை பிள்ளை பிறந்த பின்னரே தொடங்குவது அன்று.