பானெட்டுக்குள்ளே பிஞ்சு மாங்காய்

வீட்டுக்குக் கலர் அடிக்க வேண்டுமென்றால் மாமனார், மச்சான், எதிர் ஃப்ளாட்காரர் என்று ஏழெட்டுப் பேர் யோசனை சொல்ல வருவார்கள். காருக்குக் கலர் என்றால் தெருவே திரண்டு வரும். ஆனால், பானெட்டைத் தூக்கினால் இன்ஜின் உட்கார்ந்திருக்கிறதே, அந்தக் குழிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். 'அதை யார் ஸார் பார்க்கப் போறாங்க?' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

யாரும் பார்க்காத இடத்துக்கு என்ன கலர் அடிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

என் ஆபீஸில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிற நண்பர் ஒருவர். ரிட்டயர்மென்ட்டை நெருங்கிக்கொண்டிருப்பவர். அப்பா விட்டுப்போன சொத்து மூன்று: ஒரு ஈஸிசேர், ஒரு கோர்ட் கேஸ், ஒரு 1969 மாடல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இதில் கேஸ் மட்டும்தான் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்ணின் மேல்படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம் வந்ததும், காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தார்.

புரோக்கர் வந்தார். காரைச் சுற்றி ஒரு பிரதட்சணம் செய்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"உள்ளே இப்படி இருந்தா எவன் ஸார் வாங்குவான்? ஜெட் பிளாக் ஒரு கோட் அடிச்சு விட்டுடுங்க. எண்ணெய், துரு, ஒட்டு எல்லாம் அமுங்கிடும். பளபளன்னு இருக்கும். பத்தாயிரம் கூடக் கேக்கலாம்."

நண்பருக்கு அந்தப் பத்தாயிரம் பிடித்திருந்தது. 'அமுங்கிடும்' என்ற வார்த்தை மட்டும் பிடிக்கவில்லை. அக்கவுன்ட்ஸ்காரர் அல்லவா!

* * *

ஹெரால்டைப் பார்க்காத தலைமுறைக்கு ஒரு சின்ன அறிமுகம். இங்கிலாந்தில் 1959-ல் வந்த கார். இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கலோட்டி வரைந்த உடம்பு. இங்கே 1961-லிருந்து மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி தயாரித்தது. பெருங்களத்தூர் பக்கம் இருந்த தொழிற்சாலை. அதாவது, வடக்கே ஃபியட்டும் அம்பாஸடரும் பிறந்து கொண்டிருந்த காலத்தில் இது நம்ம ஊர்ப் பிள்ளை. 25 அடி வட்டத்துக்குள் அப்படியே திரும்பிவிடும். அந்த விஷயத்தில் ஆட்டோவுக்கு அண்ணன்.

இதன் பெரிய விசேஷம் பானெட். மற்ற கார்களில் மேல் மூடி மட்டும் திறக்கும். ஹெரால்டில் மட்கார்டு, ஹெட்லைட் சகிதம் மூக்கு முழுவதும் முன்பக்கமாகக் கவிழ்ந்துவிடும். இன்ஜின், முன் சக்கரங்கள், சஸ்பென்ஷன் எல்லாம் கடைவீதிக் காட்சியாகிவிடும். மெக்கானிக் முன் சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஆகவே 'யார் பார்க்கப் போறாங்க' என்ற கேள்வி இந்தக் காருக்குப் பொருந்தாது. திறந்தால் ஊரே பார்க்கும்.

கறுப்புக்கு மோட்டார் உலகத்தில் பெரிய சரித்திரம் உண்டு. ஹென்றி ஃபோர்டின் 'மாடல் டி' 1914-லிருந்து 1925 வரை கறுப்பில் மட்டும்தான் வந்தது. வேடிக்கை என்னவென்றால், 1908-ல் அது பிறந்தபோது சிவப்பும் பச்சையும் சாம்பலும் இருந்தன, கறுப்பு இல்லை! பிறகு டூபான்ட் கம்பெனியின் 'டியூகோ' என்ற பெயிண்ட் வந்தது. 1924 மாடல் ஓக்லண்ட் கார் நீல நிற டியூகோவில் வெளியே வந்தது. ஒரு காருக்குப் பெயிண்ட் அடித்துக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது போய் மணிக்கணக்கில் முடிந்தது. இன்றைக்கும் நம்மூரில் பீரோவுக்கு ஸ்பிரே அடிப்பவர்கூட 'டியூகோ அடிக்கிறேன்' என்கிறாரே, அது அந்தக் கம்பெனி வைத்த பெயர்தான்.

"கறுப்பு சூட்டை இழுக்கும், இன்ஜின் கொதிக்கும்" என்று எங்கள் ஆபீஸ் கேன்டீனில் ஒருவர் ஆட்சேபித்தார். வெயிலில் நிற்கிற கறுப்புக் கூரைக்கு அது சரி. பானெட்டுக்கு அடியில் வெயில் ஏது? அங்கே சூட்டைக் கொண்டுபோவது ரேடியேட்டரும் காற்றும். தவிர, கறுப்போ வெள்ளையோ, சாதாரண பெயிண்ட் எல்லாமே சூட்டுக் கதிர்களை ஏறக்குறைய ஒரே அளவில்தான் வெளியேற்றும். எனவே சூட்டை வைத்துக் கலரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு எச்சரிக்கை: புகைபோக்கிக் குழாய் பல நூறு டிகிரி போகும். அதற்குச் சூடு தாங்கும் பெயிண்ட்தான் வேண்டும். சாதாரண பெயிண்ட் அடித்தால் முதல் நாளே கருகிப் புகைந்து, தீ விபத்து என்று பக்கத்து வீட்டுக்காரர் ஃபயர் சர்வீஸுக்குப் போன் செய்வார்.

* * *

நண்பருடன் நானும் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் பாய் எழுபதைத் தொட்டவர். ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்னால் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் எடுத்தார்.

"முதல்ல கழுவுவோம் ஸார். அப்புறம் கலர் பேசுவோம்."

கழுவக் கழுவ, ஏற்கெனவே யாரோ அடித்து வைத்திருந்த கறுப்பு ஒன்று வெளியே வந்தது. டிரைவர் பக்கத்துத் தகட்டில், பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு நேர் கீழே மட்டும், அந்தக் கறுப்பு அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது. பாய் விரலால் தட்டினார். உதிர்ந்தது.

"பிரேக் ஆயில் ஸார். பெயிண்ட்டைத் தின்னும். ரொம்ப நாளா ஒழுகுது."

அந்தக் காலத்து ஹெரால்டில் நாலு சக்கரத்துக்கும் சேர்த்து பிரேக் ஆயிலுக்கு ஒரே பாதை. இப்போதைய கார்கள் போல இரண்டு தனித்தனிப் பாதைகள் கிடையாது. ஒரு இடத்தில் ஒழுகிக் காலியானால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. கை பிரேக்கையும் குலதெய்வத்தையும் ஒரே சமயத்தில் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

"இது எப்படி இத்தனை நாள் கண்ணுல படலே?" என்றார் நண்பர்.

"கறுப்பு மேல என்ன ஸார் தெரியும்?" என்றார் பாய். "வெளிர் கலர் இருந்தா ஒரு சொட்டு விழுந்தாலும் சொல்லிடும். இன்ஜின் ஆயில் கறுப்பா இறங்கும். ரேடியேட்டர் தண்ணி துருக் கோடு போடும். பேட்டரி ஆசிட் வெள்ளையாப் பூக்கும். பிரேக் ஆயில் பெயிண்ட்டையே தூக்கிடும். வண்டி நம்மகிட்ட பேசுற பாஷை ஸார் அது. கறுப்பு அடிச்சா வாயைப் பொத்தின மாதிரி."

கறுப்பு அன்றே கட்சியை விட்டு நீக்கப்பட்டது. சரி, பதிலுக்கு எந்தக் கலர்? கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த கலர் எதுவோ அது என்று தீர்மானம் நிறைவேறியது. அது எது என்பதில்தான் சிக்கல்.

நண்பரின் அண்ணன் போனில், "சந்தேகமே இல்லை, க்ரீம்" என்றார். அத்தை, "ஆகாச நீலம்" என்றார். ஆதாரத்துக்கு ஆல்பத்தை எடுத்தார்கள். காருக்கு முன்னால் குடும்பமே நின்று எடுத்த அருமையான போட்டோ ஒன்று இருந்தது. கறுப்பு வெள்ளை!

ஊஞ்சலில் இருந்த நண்பரின் அம்மா மட்டும், "பிஞ்சு மாங்காய்" என்றார்.

"என்னம்மா?"

"பிஞ்சு மாங்காய் மேல சாம்பல் பூத்த மாதிரி இருக்குமே, அந்தப் பச்சை."

எல்லோரும் சிரித்தார்கள். எண்பதை எட்டப் போகிறவர். மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருக்கும்போதே அதைத் தேடுபவர்.

பாய் பேட்டரி டிரேயைக் கழற்றினார். வெயிலும் பெயின்ட்டரும் எட்டிப் பார்க்காத மூலை அது. ஒரு ரூபாய் நாணய அளவுக்கு உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தார். மரத்தை அறுத்தால் வளையம் தெரியுமே, அப்படி ஒவ்வொரு காலமாக வெளியே வந்தது. மேலே கறுப்பு. அதற்குக் கீழே நீலம். அத்தை சொன்னது அதுதான். அதற்குக் கீழே க்ரீம், அண்ணன் கட்சி. இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவர் வயசில் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அடியில், பிரைமருக்கு மேலே... பிஞ்சு மாங்காய்!

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"நீ பொறக்கற அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு அதுலதானே போனேன். நடுவழியிலே கொதிச்சு நின்னு போச்சு. உங்கப்பா மூடியைக் கவுத்துட்டுத் தண்ணிக்கு ஓடினார். அரை மணி நேரம் வலியோட அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மறக்குமா?"

நண்பர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அன்று வராத அழுகையைக் காபியோடு சேர்த்து விழுங்கினார்.

* * *

இனி, நீங்களும் பழைய வண்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு மாரடிப்பவராக இருந்தால் சில குறிப்புகள்.

பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டர் வைத்துக் கலர் பொருத்தித் தருவார்கள். மாதிரிக்கு எடுத்துப்போகும் தகட்டை முதலில் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஐம்பது வருஷ அழுக்குக்குத்தான் அது ஜோடி தேடும். கலந்து கொடுத்ததைக் கடை டியூப்லைட்டில் பார்த்துத் தலையாட்டாதீர்கள். மனைவிமார்கள் புடவையை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்க்கிறார்களே, அது விஞ்ஞானம். இரண்டு கலர்கள் ஒரு வெளிச்சத்தில் ஒன்றாகவும், இன்னொரு வெளிச்சத்தில் வேறாகவும் தெரியும்.

பழைய என்.சி. பெயிண்ட் சீக்கிரம் காயும், மெருகு அழகாக ஏறும். பெட்ரோலும் பிரேக் ஆயிலும் பட்டால் அழும். கடினப்படுத்தும் திரவம் கலந்து அடிக்கிற இரண்டு டப்பா பி.யு. பெயிண்ட் இன்ஜின் பக்கத்துக்கு உறுதி. ஆனால் அந்தத் திரவத்தில் ஐசோசயனேட் என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அதன் புகை ஆஸ்துமாவையே கொண்டுவரும். மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் நாமே அடித்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள். சரியான முகமூடி வைத்திருக்கும் பெயின்ட்டரிடம் விட்டுவிடுங்கள். எந்தப் பெயிண்ட்டானாலும் பிரேக் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். தண்ணீரில் கரைந்து போய்விடும்.

பாதி வேலை பெயிண்ட்டில் இல்லை, அதற்கு முன்னால். எண்ணெய்ப் பிசுக்கு போக வேண்டும், துரு போக வேண்டும், பிரைமர் பிடிக்க வேண்டும். எண்ணெய் மேல் அடித்த பெயிண்ட், எலெக்‌ஷன் வாக்குறுதி மாதிரி. அடுத்த மழைக்குத் தாங்காது.

50 வருஷத்தைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. வின்டேஜ் என்று பதிவு செய்தால் 'விஏ' எழுத்தோடு நம்பர் கிடைக்கும்; புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். சேஸிஸ், உடம்பு, இன்ஜின் எல்லாம் பெரிய மாற்றம் இல்லாமல் அசலாக இருக்க வேண்டும். ஆனால், அப்படிப் பதிவு செய்த வண்டியில் தினமும் ஆபீஸ் போக முடியாது. யோசித்துச் செய்யுங்கள்.

* * *

ஹெரால்டு விலை போனதா? போனது. வந்தவர் பாங்க்கில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர். கூடவே மனைவியும், இடுப்பில் ஒரு குழந்தையும். பானெட்டைக் கவிழ்த்தார். மாஸ்டர் சிலிண்டருக்குப் பாய் புது ரப்பர் போட்டிருந்தார். அதற்குக் கீழே கண்ணாடி மாதிரி சுத்தம். ஆனால் பக்கத்தில் கிளட்ச் சிலிண்டருக்குக் கீழே, பிஞ்சு மாங்காய் மேல் ஒரு சொட்டு ஈரம் மின்னியது. நேற்று வரை இல்லாத சொட்டு.

பையன் கெட்டிக்காரன். விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "மூவாயிரம் குறைச்சுக்குங்க ஸார்" என்றான்.

புரோக்கர் நண்பரைத் தனியே இழுத்து, "கறுப்பு அடிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்குமா ஸார்?" என்றார்.

"அதுக்குத்தான் அடிக்கலே" என்று சொல்லிவிட்டு, நண்பர் மூவாயிரத்தைக் குறைத்துக்கொண்டார். அந்தக் குழந்தை அப்போது ஹெரால்டின் முன் ஸீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருந்தது.

வண்டி கிளம்புவதற்கு முன்னால் அம்மா வாசலுக்கு வந்து, மூடியை ஒருதரம் கவிழ்க்கச் சொன்னார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அதே பச்சைதான். பளபளப்பு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி."

ஆகவே, பழைய கார் வாங்கப் போகும் இளைஞர்களே... வெளியே என்ன கலராக வேண்டுமானாலும் இருக்கட்டும். பானெட்டுக்குள் அப்போதுதான் அடித்த கறுப்பு வாசனை வந்தால், பேரம் பேசுவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கையும் கொஞ்சம் மண்ணெண்ணெயையும் அழைத்துக்கொண்டு போங்கள்.