கம்பெனிகள் கூடிச் செய்யும் விதை ஆராய்ச்சி

விதைக் கடையில் பல கம்பெனிகளின் பெயரில் அடுக்கியிருக்கும் வீரிய ஒட்டுக் கம்பு விதைப் பைகளைப் பார்த்தால், ஒவ்வொன்றும் தனித்தனி ஆராய்ச்சியில் பிறந்தது என்றே தோன்றும். ஆனால் அவற்றில் பலவற்றின் தாய் வழி, தந்தை வழி ஒரே நிலையத்திலிருந்து வந்திருக்கக் கூடும்.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் 1972ல் தோன்றிய இக்ரிசாட் நிலையம், 2000ம் ஆண்டில் சோளத்துக்கும் கம்புக்கும் விதைக் கம்பெனிகளைக் கூட்டுச் சேர்த்தது. பின்னர் துவரையும் சேர்ந்தது. சந்தையில் மோதிக் கொள்ளும் கம்பெனிகள் ஆண்டுக் கட்டணம் கட்டிப் பெற்றோர் வரிசைகளுக்கான ஆராய்ச்சிச் செலவைப் பகிர்ந்து கொள்கின்றன. வயலில் நேரில் பார்த்துப் பிடித்தவற்றைக் கேட்டு வாங்குகின்றன. எவருக்கும் தனியுரிமை கிடையாது. ஒட்டுக் கட்டி விற்பதில்தான் போட்டி.

போட்டியாளர்களை ஒரே பந்தியில் அமர்த்தியது விதிமுறைதான். 1988ம் ஆண்டு விதைக் கொள்கை தனியார் விதைத் தொழிலுக்குக் கதவைத் திறந்தது. பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் 2001ல் வந்தது. பதிவு பெற்ற ரகத்தை ஆராய்ச்சிக்கு எவரும் எடுக்கலாம். வணிக விதைக்குப் பெற்றோராகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் உரிமையாளரின் அனுமதி தேவை. இந்த நிலையில் எல்லோருக்கும் பொதுவான வரிசை வழக்கு வம்பில்லாத சரக்கு.

ஏற்பாடு நல்லதே. ஆனால் கட்டணம் கட்டுகிறவர் எதைக் கேட்பார்? கம்பு பெருவாரியாக விளையும் ராஜஸ்தானையும் குஜராத்தையும் மனத்தில் வைத்துத்தான் கேட்பார். தமிழ்நாட்டு மானாவாரிக் கம்பு சிறு சந்தை. தனசக்தி போல விவசாயியே விதை எடுத்து வைக்கக் கூடிய ரகங்களில் கம்பெனிக்கு ஆண்டு தோறும் விற்பனை இல்லை. அவற்றுக்குக் கட்டணம் கட்ட யார் முன்வருவார்?

இன்னொரு கவலையும் உண்டு. 1965ல் லூதியானாவில் வெளியான எச்.பி. 1 ஒட்டுக் கம்பின் தாய், அமெரிக்காவிலிருந்து வந்த டிப்ட் 23ஏ என்னும் ஆண் மலட்டு வரிசை. அதே தாயை வைத்து அடுத்தடுத்து ஒட்டுகள் வந்தன. 1970களில் அடிச்சாம்பல் நோய் தாக்கியபோது கதிர்கள் மணி பிடிக்காமல் பச்சை இலைக்கொத்தாக மாறின. பையின் பெயர் மாறினாலும் தாய் மாறாவிட்டால் என்ன பயன்?

கூட்டு ஆராய்ச்சிக்கு அரசு துணை நிற்கும்போது இரண்டு நிபந்தனைகளை விதிக்க வேண்டும். கட்டணத்தில் ஒரு பங்கு மறு விதைப்புக்கேற்ற ரகங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். விற்பனையாகும் ஒட்டுகள் எத்தனை வெவ்வேறு தாய் வரிசைகளிலிருந்து வந்தவை என்பதை ஆண்டு தோறும் விதைப்புக்கு முன் வெளியிட வேண்டும்.