கண்ணீருக்கும் விலையா?

நவி மும்பையின் ஐரோலியில் உள்ள தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் இரவு பகலாகக் கணினித் திரையை நோக்கிப் பணிபுரிவோரில் செம்பூர், தாராவி பகுதித் தமிழ் இளைஞர்களும் அடங்குவர். திரையைப் பார்க்கும்போது கண் இமைப்பது குறைகிறது. குளிரூட்டிய காற்று கண்ணீரை உலர்த்துகிறது. பெரும்பாலோருக்கு ஓய்வும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தும் போதும். வறட்சி முற்றினாலோ கருவிழியில் அழற்சியும் புண்ணும் ஏற்பட்டுப் பார்வையே பாதிக்கப்படலாம்.

கண்ணீர் வெறும் உப்பு நீர் அன்று. கிருமிகளை அழிக்கும் புரதங்களும், புண்ணை ஆற்றும் புரதங்களும் அதில் உள்ளன. குறைந்துபோன புரதங்களை ஈடுசெய்வதே புதிய சிகிச்சைகளின் நோக்கம். நோயாளியின் ரத்தத்திலிருந்தே சீரத்தைப் பிரித்து, நீர்க்கச் செய்து கண்ணில் விடுவது இதன் எளிய வடிவம்.

மற்றொன்று, நரம்பு வளர்ச்சிப் புரதம். இதைக் கண்டறிந்த ரீட்டா லெவி-மொண்டால்சினிக்கு 1986-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. இப்புரதத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்ட 'செனெஜெர்மின்' சொட்டு மருந்து, நரம்பு பாதிப்பால் கருவிழியில் ஏற்படும் புண்ணுக்காக ஐரோப்பாவில் 2017-லும், அமெரிக்காவில் 2018-லும் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் 8 வார சிகிச்சைக்கு ஆகும் மருந்துச் செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர்! இந்த விலையில் நடுத்தரக் குடும்பங்களுக்குக்கூட இது எட்டாக்கனிதான்.

புரத மருந்துத் தயாரிப்பு இந்தியாவுக்குப் புதிதல்ல. மஞ்சள் காமாலை-பி தடுப்பூசியை 1997-இல் ஹைதராபாத் நிறுவனமொன்று உள்நாட்டிலேயே தயாரித்து விலையைச் சரித்தது. ஐரோலிக்கு அடுத்த ரயில் நிலையமான ரபாலேயிலேயே உயிரித் தொழில்நுட்ப மருந்து ஆலை இயங்குகிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை ஏழைகளுக்கும் எட்டச் செய்தது மதுரை ஆரோலேப். திறமைக்குப் பஞ்சமில்லை; முனைப்புதான் தேவை.

சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளின் ரத்த வங்கிகளில் சீரம் சொட்டு மருந்தைத் தூய்மையாகத் தயாரித்து, குளிர்பதனத்தில் வைத்து, இலவசமாக வழங்க வழிசெய்ய வேண்டும். புரதச் சொட்டு மருந்துகளை உள்நாட்டில் உருவாக்க முன்வருவோருக்கு மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை நிதியுதவி அளிக்க வேண்டும். காப்புரிமை தடையாக நின்றால், 2012-இல் புற்றுநோய் மருந்துக்கு அளித்ததுபோல் கட்டாய உரிமம் அளிக்கவும் அரசு தயங்கலாகாது. மாதம் ரூ. 2.80 லட்சமாக இருந்த அம்மருந்தின் விலை அன்று ஒன்பதாயிரத்துக்கும் கீழே இறங்கியது.

நிறுவனங்களுக்கும் பொறுப்புண்டு. பணிக்கிடையே ஓய்வும், ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் சலுகையல்ல, தொழிலாளர் உரிமை. உழைப்பவர் கண்ணைக் காக்கும் மருந்து, செல்வந்தர்க்கு மட்டுமே உரியதாகிவிடக் கூடாது.